முனையில் நிற்கிற முக்கோணம்

எனக்கு முகம் வராது. கை வரும், கால் வரும், கொம்புகூட ஓரளவுக்கு வரும். முகம் மட்டும் வராது. மேலூர்ப் பக்கம் ஒரு பால் டிப்போவுக்குப் பசு மாடு வரையச் சொன்னார்கள். பகல் முழுக்க வெயிலில் நின்று வரைந்தேன். சாயங்காலம் டிப்போக்காரர் வந்தார். தள்ளி நின்று பார்த்தார், கிட்டத்தில் வந்து பார்த்தார், பிறகு மெதுவாக, "ஏப்பா, என்னையப் பார்த்தா வரைஞ்ச?" என்று கேட்டார். மறுநாள் காலையில் மாட்டின் மேல் வெள்ளையை அடித்துவிட்டு, நீலத்தில் 'பால்' என்று எழுதிக் கொடுத்தேன். அதிலும் கடைசி எழுத்துக்குப் புள்ளி வைக்க விட்டுப் போயிற்று. கொஞ்ச நாள் அந்த டிப்போவில் 'பால' விற்றார்கள்.

வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பது என் தொழில். பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஏழாம் வகுப்போடு பேச்சு நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. அங்கே காம்பஸ் பெட்டியை வைத்து நான் செய்த ஒரே காரியம் பெஞ்சில் ஓட்டை போட்டது. ஆனால் ஒன்று சொல்கிறேன். கோடு போடுகிற விஷயத்தில் என்னோடு யாரும் போட்டிக்கு வர வேண்டாம். நூல் பிடித்து, டேப் ஒட்டி, இரண்டு நிறத்துக்கு நடுவில் ஒரு ஓரம் எடுத்தேன் என்றால் பிளேடால் வெட்டிய மாதிரி இருக்கும். மதுரையில் என்னைவிட நன்றாக முகம் வரைகிறவர்கள் தெருவுக்குத் தெரு இருப்பார்கள். கட்டத்தில் வரச் சொல்லுங்கள், பார்க்கலாம்.

இந்தத் தைரியம் எனக்குத் தல்லாகுளத்தில் வந்தது. அங்கே ஒரு டீச்சர் வீட்டுக்கு வேலைக்குப் போயிருந்தேன். மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் டிராயிங் டீச்சர். என்னைவிட வயதில் சின்னவர். என்னை அண்ணே என்று கூப்பிடுவார், நான் அவரை டீச்சர் என்று கூப்பிடுவேன். கூடத்தில் இருந்த மேசையை ஓரமாகத் தள்ளி, பெயிண்ட் தெறிக்காமல் இருக்கப் பேப்பரை விரிக்கும்போது ஒரு பெரிய புத்தகம் கையில் கிடைத்தது. சும்மா திறந்தேன். அன்றைக்குச் சுவருக்கு முதல் பூச்சாக அடித்த பிரைமர் காய்கிற வரைக்கும் பார்த்தேன். காய்ந்த பிறகும் பார்த்தேன்.

உள்ளே மனிதனே கிடையாது. மாடும் கிடையாது. ஒரு பக்கத்தில் கருப்புச் சதுரம். அடுத்த பக்கத்தில் ஒரு வட்டம், யாரோ எத்திவிட்ட மாதிரி மூலையில் போய்க் கிடக்கிறது. இன்னொன்றில் மெலிசு மெலிசாகக் கோடுகள், பாலம் கட்டுகிற இடத்துச் சாரம் மாதிரி ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. எல்லாம் டேப் ஒட்டி அடித்த ஓரங்கள். எனக்குப் புல்லரித்துவிட்டது. சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி இருந்தது.

டீச்சர் வந்ததும் கேட்டேன்.

"இவுகளுக்கும் முகம் வராதா டீச்சர்?"

"வரும்ணே. நல்லாவே வரும். வேணாம்னு விட்டுட்டாங்க."

அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. வராமல் விட்டவனுக்கும் வந்தும் வேண்டாம் என்று விட்டவனுக்கும் வித்தியாசம் இருக்கிறது, அது எனக்கே தெரியும். ஆனால் விட்ட பிறகு இரண்டு பேரும் ஒரே இடத்தில்தானே நிற்கிறோம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

டீச்சர் சொன்னதை நான் புரிந்துகொண்ட அளவில் சொல்கிறேன். நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு குளிர் தேசத்தில் ராஜாவைத் துரத்தி, எல்லாவற்றையும் தலைகீழாகப் புரட்டிப் போட்டிருக்கிறார்கள். அப்போது சில ஓவியர்கள், இனிமேல் ராஜா படமும் பூச்சாடிப் படமும் எதற்கு, படத்தை வரைய வேண்டாம், கட்டுவோம் என்று கிளம்பியிருக்கிறார்கள். அவர்களுக்குக் கட்டுமானக் கலைஞர்கள் என்று பெயராம்.

"கொத்தனாரா டீச்சர்?" என்று கேட்டேன்.

டீச்சர் சிரித்துவிட்டு, தங்களைக் கொத்தனார் மாதிரி, இன்ஜினியர் மாதிரித்தான் அவர்கள் நினைத்துக்கொண்டார்கள் என்றார். படம் எதையாவது காட்ட வேண்டும் என்று கட்டாயம் இல்லை, நாற்காலி எதைக் காட்டுகிறது, நாற்காலி நாற்காலிதானே, அந்த மாதிரிப் படமும் ஒரு பொருள் என்றார். எனக்கு அது சட்டென்று பிடித்துக்கொண்டது. நாற்காலியைப் பார்த்து யாரும் இது யாரு என்று கேட்பதில்லை. பசு மாட்டைப் பார்த்துத்தான் கேட்டார்கள்.

ஆனால் ஒரு இடத்தில் எனக்கு இடித்தது. டீச்சர் வீட்டுக் கூடத்தில் மரச்சிலுவை மாட்டியிருந்தது. அதைக் கழற்றிப் பத்திரமாகத் துணியில் சுற்றி வைத்தவன் நான்தான்.

"இதுவும் ரெண்டு கோடுதானே டீச்சர். இதுக்கு முன்னாடி மட்டும் முட்டி போடுறீக?"

டீச்சர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். நான் விடவில்லை. எங்கள் பக்கத்திலும் அதே கதைதான் என்றேன். நெற்றியில் மூன்று கோட்டைப் படுக்கப் போட்டால் ஒரு சாமி, நிமிர்த்திப் போட்டால் இன்னொரு சாமி. கோயில் மதிலில் காவியும் வெள்ளையுமாகப் பட்டை அடிக்கிறோம், நானே அடித்திருக்கிறேன், அது வெறும் பட்டை என்று யாராவது சொல்லிவிட முடியுமா என்று கேட்டேன். அந்த ஓவியர்களுக்குள்ளேயே இதில் சண்டை உண்டு என்றார் டீச்சர். சதுரத்துக்கு அர்த்தம் உண்டு, அது ஆகாசம், அது புது உலகம் என்று சில பேர். அர்த்தமே வேண்டாம், சதுரம் சதுரம்தான் என்று சில பேர்.

"நீங்க எந்தக் கட்சி டீச்சர்?"

"நான் சதுரக் கட்சிண்ணே."

அன்றைக்கே நானும் சேர்ந்துவிட்டேன். உறுப்பினர் அட்டைதான் கொடுக்கவில்லை.

வேலை முடிகிற வரைக்கும் பேச்சு தொடர்ந்தது. ஒரே சிவப்புச் சதுரத்தை மேலே வைத்தால் விழப் பார்க்கும், கீழே வைத்தால் படுத்துக்கொள்ளும். சாய்ந்த கோட்டுக்கு ஓட்டம் உண்டு. முக்கோணத்தை அகலப் பக்கம் கீழே இருக்க உட்கார வைத்தால் அது சாப்பிட்டு முடித்த ஆள். அதையே முனையில் நிறுத்தினால், எப்போது விழுமோ என்று பார்க்கிறவனுக்குக் கால் பதறும். இதெல்லாம் அவர் சொன்னதும் நான் டேப்பை வெட்டி ஒட்டிப் பார்த்ததுமாக வந்தது. அந்த முனையில் நிற்கிற முக்கோணம் என்னைப் பிடித்து ஆட்டிவிட்டது. மிச்சப் பெயிண்டை வீட்டுக்குக் கொண்டுவந்து ஒட்டுப்பலகைத் துண்டுகளில் அடிக்க ஆரம்பித்தேன். என் முதல் கருப்புச் சதுரத்தை என் அம்மா தண்ணீர் டிரம்முக்கு மூடியாகப் போட்டார்கள். அளவு கச்சிதமாக இருந்தது. கட்டுமானக் கலை என்றால் அதுதானே.

எங்கள் வீடு கொட்டாம்பட்டியைத் தாண்டி, திருச்சி ரோட்டைப் பார்த்தபடி இருக்கிறது. ஊருக்கெல்லாம் பெயிண்ட் அடிக்கிறவன் வீடு பல வருஷமாகச் சிமென்ட் பூச்சோடு நின்றது. அதை யாரும் கண்டுகொள்ளவில்லை, எனக்குப் பெண் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் கண்டுகொண்டார்கள். பெயிண்டர் என்றால் குடிப்பான் என்று ஒரு வீட்டில் சொன்னார்கள். நான் குடிப்பதில்லை என்றதும், அப்போ அந்த வாடையை எப்படித் தாங்குகிறான் என்று கேட்டார்களாம். இன்னொரு வீட்டில் என் போட்டோவைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். எனக்கு முகம் வராது என்று நான்தான் முதலிலேயே சொன்னேனே.

கடைசியில் எழுமலையிலிருந்து ஒரு சம்பந்தம் அமைந்தது. விவசாயக் குடும்பம். பெண் உசிலம்பட்டியில் ஒரு இ-சேவை மையத்தில் வேலை பார்த்தது. நாங்கள் போய்ப் பார்த்தோம். நான் பஜ்ஜியைப் பார்த்த நேரத்தில் பாதிகூட அந்தப் பிள்ளையைப் பார்க்கவில்லை, அவ்வளவு கூச்சம். ஆனால் தட்டை எடுக்க வந்தபோது, என் கைவிரல் நகத்தில் ஒட்டியிருந்த சிவப்புப் பெயிண்டைப் பார்த்து அது உதட்டைக் கடித்துச் சிரித்தது. அதிலேயே நான் விழுந்துவிட்டேன். இனி அவர்கள் மாப்பிள்ளை வீடு பார்க்க வர வேண்டும். வந்து நம் வீட்டில் கை நனைத்தால், அதாவது ஒரு வாய் சாப்பிட்டால், சம்பந்தம் உறுதி. சாப்பிடாமல் எழுந்து போனால் முடிந்தது கதை.

ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டார்கள். அம்மா, அதற்குள் சுவருக்கு ஒரு மஞ்சளையாவது அடி என்றார்கள். எனக்கு மஞ்சள் அடிக்க மனம் வரவில்லை. ரோட்டைப் பார்த்த பெரிய சுவர். ஜன்னல்கூடக் கிடையாது. இப்படி ஒரு சுவர் கிடைத்தால் அந்தக் குளிர் தேசத்துக்காரர்கள் ரயிலேறி வந்திருப்பார்கள்.

முதல் பிரச்சனை நிறம். மதுரைச் சீமையில் சும்மா ஒரு நிறம் கிடையாது. இரண்டு நிறம் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் ஒரு கட்சி. மூன்று வந்தால் ஒரு சங்கம். நான்கு வந்தால் அந்தச் சங்கத்திலிருந்து பிரிந்தவர்கள். என்னோடு வேலை பார்க்கிற நண்பன் டீ கிளாஸோடு ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு ஒவ்வொன்றாகக் கழித்தான். நீலத்தைச் சிவப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோனால், "வேணாம் மாப்ள, கல்லெறிவாய்ங்கே" என்பான். பச்சையை எடுத்தால், கல்லெறிகிறவன் வேறு ஆள், கல் அதேதான் என்பான். கருப்பும் சிவப்பும் ஒட்டவே கூடாது, நடுவில் ஏதாவது விடு என்றான். இப்படிப் பயந்து பயந்துதான் என் படம் உருவானது. வெள்ளைச் சுவர். கீழே சிமென்ட் சாம்பலில் நீளமாக ஒரு கட்டை. அதன் மேல் சாய்ந்து ஒரு கருப்புக் கோடு. கோட்டிலிருந்து ஒரு ஜாண் தள்ளி, முனை கீழே இருக்க, ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கிற ஒரு சிவப்பு முக்கோணம். கோடு முக்கோணத்தைத் தொடாது. தொடாமலே தாங்கிப் பிடிக்கிற மாதிரி இருக்கும். அர்த்தம் வந்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு அங்குலமாகப் பார்த்து அடித்தேன். எந்தக் கட்சியும் இல்லை, எந்தச் சாதியும் இல்லை, எந்தச் சாமியும் இல்லை. டேப்பை உரித்தபோது ஓரம் அப்படி ஒரு சுத்தம். என் வாழ்க்கையில் நான் செய்த நல்ல காரியம் இதுதான் என்று தோன்றியது.

அம்மா பார்த்துவிட்டு, நல்லாத்தான் இருக்கு, என்ன இது என்று கேட்டார்கள். ஒன்றும் இல்லை, அது அதுவேதான் என்றேன். அதற்குப் பிறகு யார் கேட்டாலும் அம்மா, "ஒண்ணுமில்லையாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் கைக்குழந்தையோடு பஸ்ஸை விட்டு இறங்கி நேராக எங்கள் வாசலுக்கு வந்தார்கள். நர்ஸம்மா எப்போது வருவார்கள் என்று கேட்டார்கள். இங்கே நர்ஸ் யாரும் இல்லை, ஊர் மாறி இறங்கிவிட்டீர்கள் போல என்று நானே அவர்களைத் திருப்பி பஸ் ஏற்றிவிட்டேன். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். பெயிண்ட் வாடையில் மூளை கொஞ்சம் அடைத்துக்கொள்ளும் என்று சொல்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுமலைக்காரர்கள் வேனில் கிளம்பினார்கள். வழக்கப்படி பெண் வரவில்லை. பெண்ணின் அப்பா, அம்மா, இன்னும் சில சொந்தங்கள், எல்லோருக்கும் மேலே பெண்ணின் பெரியப்பா. அந்த வீட்டில் அவர் தலையாட்டினால்தான் கதவே திறக்கும். அடையாளம் சொல்லும்போது நான் பெருமையாக, ரோட்டு மேலேயே வீடு, சுவரில் படம் போட்டிருக்கும் என்று சொல்லியிருந்தேன். நான் வாசலில் நிற்கும்போதே வேன் எங்களைத் தாண்டிப் போனது. கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து எதிர்ப்பக்கம் தாண்டிப் போனது. அப்புறம் போன் வந்தது. பெரியப்பாதான்.

"எங்கப்பா இருக்கு உங்க வீடு? இங்க ஒரு குடும்பக் கட்டுப்பாட்டு ஆபீஸ்தான் இருக்கு."

நான் மெதுவாக ரோட்டைக் கடந்துபோய் என் சுவரைத் திரும்பிப் பார்த்தேன். வெள்ளைச் சுவர். நட்டநடுவில், முனை கீழே இருக்க, சிவப்பு முக்கோணம். நான் பிறந்ததிலிருந்து ஆஸ்பத்திரிச் சுவர்களில், பஸ்ஸின் முதுகில், மாத்திரை அட்டையில் பார்த்துப் பார்த்துப் பழகிய அதே முக்கோணம். கொடிகளுக்குப் பயந்து பயந்து ஒதுங்கினவன், நேராகப் போய்ச் சர்க்காரின் மேலேயே முட்டியிருக்கிறேன். விருந்துக்கு ஒத்தாசையாக வந்திருந்த நண்பனைத் திரும்பிப் பார்த்தேன். கட்சிக்காரர்களை மட்டும்தான் கவனித்தேன் மாப்ள, கவர்மென்ட் ஞாபகத்துக்கே வரவில்லை என்றான்.

வேன் வந்து நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். பெண்ணின் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. பெரியப்பா மட்டும் சுவர் முன்னால் கைகட்டி நின்றார். அம்மா உள்ளே கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். இலை போட்டாயிற்று, கோழி வெந்துவிட்டது.

"மாமா, அது அந்த முக்கோணம் இல்ல. இது ஒண்ணுமில்ல, சும்மா முக்கோணம்" என்றேன்.

"மாப்ள, நீங்க ஒண்ணுமில்லன்னு சொல்றீக. ரோட்டுல போறவன் எல்லாம் ஒண்ணு சொல்றானே. எங்க பிள்ளைய, பிள்ளை வேணாம்னு வாசல்லயே போட்டு வெச்ச வீட்டுக்கா அனுப்புறது?"

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அதை அழித்துவிட்டுச் சொல்லி அனுப்புங்கள், வந்து சாப்பிடுகிறோம் என்று சொல்லிவிட்டு, போனில் சுவரை ஒரு படம் எடுத்துக்கொண்டு வேனில் ஏறினார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அன்றைக்குக் கோழி முழுவதையும் நானும் நண்பனும்தான் சாப்பிட்டோம். அவன் துக்கத்தில் நன்றாகவே சாப்பிட்டான்.

அழிப்பது ஒரு வேலையே இல்லை. ஒரு ரோலர், கொஞ்சம் வெள்ளை. டின்னைத் திறந்தும் வைத்துவிட்டேன். ஆனால் கை போகவில்லை. முக்கோணத்தை எடுத்தால் சாம்பல் கட்டை திண்டு மாதிரி ஆகிவிடும், கருப்புக் கோடு எதையும் தாங்காமல் குச்சியாகச் சாய்ந்து கிடக்கும். சரி, திருப்பிப் போடலாம் என்று அட்டையில் வெட்டி முனையை மேலே வைத்துப் பார்த்தேன். சாப்பிட்டு முடித்த ஆள் அங்கே உட்கார்ந்து ஏப்பம் விட்டான். அம்மா என் அவதியைப் பார்த்துவிட்டு, "செவத்தையே கட்டிக்கிட்டுக் குடும்பம் நடத்து" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்கள். அம்மா அப்படிச் சொன்னது எனக்குச் சுருக்கென்றது. ஒரு முக்கோணத்துக்காக ஒரு நல்ல பிள்ளையை விடுகிறவன் கலைஞன் இல்லை, கிறுக்கன். அதுவும் எனக்குத் தெரியும்.

மறுநாள் வேலையில் ஏணி மேல் நிற்கும்போது போன் வந்தது.

"நான்தான் பேசுறேன்."

"எந்த நான்?"

"எழுமலை."

ஏணியை விட்டு இறங்கிவிட்டேன். எழுமலை என்றால் ஊரே பேசுகிறதா என்று கேட்கலாம் என வாய்வரை வந்தது. நல்லவேளை, வெளியே வரவில்லை. பெரியப்பாவின் போனில் என் சுவர்ப் படத்தைப் பார்த்ததாகச் சொன்னது. எல்லோரும் சிரித்தார்களாம். நீயும் சிரித்தாயா என்று கேட்டேன். சிரித்தேன் என்றது. அப்புறம் ஒன்று கேட்டது.

"அந்தக் கருப்புக் கோடு முக்கோணத்தைத் தொடலையே, ஏன்?"

நான் டீச்சரிடம் கேட்டது, நண்பன் கல்லெறிக்குப் பயந்தது எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். இத்தனை பேர் அந்தச் சுவரைப் பார்த்தார்கள். கோடு என்று ஒன்று இருப்பதைக் கண்ட முதல் ஆள் இதுதான்.

"தொட்டா தாங்குறது தெரிஞ்சு போயிரும்" என்றேன்.

"ம். கோடு இல்லேன்னா அது ரோட்டுலதான் வந்து விழும்" என்றது. பிறகு, "என்னையப் பார்க்க வந்தவக எல்லாம் என் மூஞ்சியத்தான் பார்த்தாக. மூக்கு இப்படி, நெறம் இப்படின்னு. உங்க செவத்துலயாச்சும் மூஞ்சி இல்ல" என்றது.

நான் அழிக்கவா வேண்டாமா என்று கேட்டேன். அதை என்னிடம் கேட்காதீர்கள், ஆனால் பெரியப்பா அந்த வாசலை மிதிக்காமல் கல்யாணம் நடக்காது, அதற்கு ஒரு வழியைப் பாருங்கள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டது. கஸ்டமர் வந்துவிட்டார்களாம்.

சாயங்காலம் நேராகத் தல்லாகுளம் போனேன். டீச்சர் வீட்டுத் தெருவில் சர்ச் திருவிழா. தெருவின் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் கயிறு கட்டி, கலர் பேப்பரில் தோரணம் தொங்கவிட்டிருந்தார்கள். வண்டியை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தேன். ஒவ்வொன்றும் முக்கோணம். ஒவ்வொன்றுக்கும் முனை கீழே. தலைக்கு மேல் அத்தனை முக்கோணம் தொங்குகிறது, ஒருத்தராவது நர்ஸம்மா எங்கே என்று கேட்கவில்லை. கயிறு இருந்தால் தோரணம், கயிறு இல்லாவிட்டால் குடும்பக் கட்டுப்பாடு. ஒரே ஒரு கோடுதான் வித்தியாசம்.

டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, பிறகு முகம் மாறினார். கயிறு போட்டால் முக்கோணம் தொங்க ஆரம்பித்துவிடும், அப்புறம் எங்கே நிற்கும், கருப்புக் கோட்டுக்கும் வேலையில்லை, படமே போயிற்று என்றார். நம் கட்சியை விட்டுப் போகிறீர்களே என்று கேட்கிற மாதிரி இருந்தது.

"கல்யாணம் ஆகாம படத்தோட இருந்துக்கவா டீச்சர்?"

டீச்சர் ஜன்னல் வழியாகத் தெருத் தோரணத்தைப் பார்த்தார்.

"பெயிண்டுல போடாதீங்கண்ணே. கோலத்துக்கு ஓரம் கட்டுற காவிப்பொடி இருக்குல்ல, அதைத் தண்ணியில கரைச்சுப் போடுங்க."

சதுரக் கட்சியில் இப்படிக் குறுக்கு வழியும் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்படியே செய்தேன். சுவரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரைக்கும், முக்கோணத்தின் மேல் விளிம்பை உரசிக்கொண்டு ஒரு காவிக் கோடு. கயிறு மாதிரிக் கொஞ்சம் தொய்வாக இழுத்து, வாசல் தூணைச் சுற்றிக் கீழே இறக்கி முடிச்சுப் போட்டேன். நேர்கோடு தவிர வேறு கோடே போடாத கைக்கு அந்தத் தொய்வு கஷ்டமாகத்தான் இருந்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தால், நிற்கிற முக்கோணம் தொங்கிக்கொண்டிருந்தது. நண்பன், இப்போது சீரியல் லைட் மட்டும்தான் பாக்கி என்றான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேன் ஒரே தடவையில் வந்து நின்றது. பெரியப்பா இறங்கி முன்பு நின்ற அதே இடத்தில் கைகட்டி நின்றார். கயிறு இப்போதுதான் வந்ததா என்று கேட்டார். வேலை பாக்கி இருந்தது, முடித்துவிட்டேன் மாமா என்றேன். தோரணமா என்றார். தலையாட்டினேன். அவர் சொந்தங்களைத் திரும்பிப் பார்த்து, இப்போதுதான் விசேஷ வீடு மாதிரி இருக்கிறது, வாருங்கள் என்று உள்ளே போனார்.

சாப்பிட்டார். அம்மா குழம்பை ஊற்ற ஊற்ற, வேண்டாம் என்று சொல்லாமல் சாப்பிட்டார். அவர் கை இலையில் பட்ட அந்த நிமிஷத்தில்தான் எனக்கு மூச்சு ஒழுங்காக வந்தது. சாப்பிட்டுவிட்டு வாசல் குழாயில் கை கழுவினார். கழுவிய கையை உதறிக்கொண்டே தூணில் ஊன்றினார். ஊன்றிய இடம் முடிச்சு. கையை எடுத்தார். உள்ளங்கை முழுக்கக் காவி. தூணில் கயிறு பாதி கரைந்து வழிந்துகொண்டிருந்தது.

அவர் கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சொந்தங்கள் எல்லாம் உள்ளே வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"காவிப்பொடியா?"

"ஆமா மாமா."

திரும்பவும் குழாயைத் திறந்து கையைக் கழுவினார். நிதானமாக, விரல் விரலாகக் கழுவினார்.

"கல்யாணம் வரைக்கும் நிக்குமா?"

"நிக்கும் மாமா. மழைக்கு முன்னாடி தேதி வெச்சா."

"முன்னாடியே வெச்சுருவோம்" என்று துண்டில் கையைத் துடைத்தார். "அந்தப் பிள்ளை ஒரு வாரமா வீட்டுல யாரோடயும் பேசல மாப்ள. நான் என்ன பண்றது, சொந்தக்காரய்ங்களுக்கு ஒரு பதில் வேணும்ல."

அவருக்கு வேண்டியிருந்ததும் ஒரு கோடுதான் என்று அப்போது புரிந்தது.

மழைக்கு முன்னால் கல்யாணம் நடந்தது. முதல் மழைக்குக் கயிறு பாதி போயிற்று. மிச்சத்தை நான் துடைக்கவில்லை. ஒருநாள் வேலை முடிந்து வந்தபோது என் பெண்டாட்டி ஸ்டூல் போட்டு ஏறி நின்று ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தது. கடைசித் துளி காவியும் போனதும் ரோட்டைக் கடந்துபோய் நின்று பார்த்தது. இப்போது நிற்கிறது என்றது. நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். ஒரு ஜாண் தள்ளித்தான் நின்றேன். ரோட்டில் பஸ் போய்க்கொண்டிருந்தது.

தல்லாகுளத்து டீச்சர் ஒருநாள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஒரு வேன் நிறைய அழைத்து வந்து சுவரைக் காட்டினார். இதில் என்ன தெரிகிறது என்று கேட்டதற்கு ஒரு பிள்ளை, பிள்ளையாருக்கு வைத்த சமோசா என்றது. டீச்சர் என்னைப் பார்த்தார். ஒரு சுவரை அடித்துவிட்டால், அப்புறம் அதற்கு யார் என்ன பெயர் வைத்தாலும் என் ஓரம் சுத்தமாக இருக்கிறதா என்பதுதான் என் கவலை. சுத்தமாகத்தான் இருக்கிறது.

இன்னும் அவ்வப்போது யாராவது பஸ்ஸை விட்டு இறங்கி நர்ஸம்மாவைக் கேட்பார்கள். வரவில்லை என்று பழக்கத்தில் சொல்லி அனுப்பிவிடுவோம். சென்ற மாதம் நிஜமாகவே நர்ஸம்மா வந்துவிட்டார். என் பெண்டாட்டிக்கு ஏழு மாதம். வீட்டுக்கு வந்து பிரஷர் பார்க்க வேண்டும் என்று ஸ்கூட்டியில் வந்தவர், உள்ளே நுழையாமல் சுவரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"இந்த ஆபீஸை எப்பத் திறந்தாக? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

நான் கட்டுமானக் கலையிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் என் பெண்டாட்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டது.

"உள்ள வாங்கக்கா. ஆபீஸ் திறந்திருக்கு, வேலைதான் நடக்கல."